பெயர் எழுதும் இடம்

மாலை நாலு பத்துக்கு, சாந்தோமில் என் மகள் படிக்கும் சிறப்புப் பள்ளியில், அவளைக் காணவில்லை. பதினாறு வயது, பேச்சு வராது. பள்ளிக்கு நிதி தரும் அறக்கட்டளையின் அதிகாரி சொன்னபடி நாங்கள் எல்லாரும் வேன் முன்னால் போட்டோவுக்கு நின்றிருந்தோம்.

இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டைக்காரர். நாற்காலி, மின்விசிறி, வேன் எதுவானாலும் அறக்கட்டளையின் பெயர் எழுதியிருக்கும் இடத்தை விரலால் துடைத்துப் பார்ப்பார். பிள்ளைகளைக் கவனிக்க ஓர் ஆயாவுக்குச் சம்பளம் கொடுங்கள் என்று அன்று காலைதான் அவரிடம் கேட்டிருந்தேன்.

“பொருளா கேளுங்க மேடம். ஆயா மேல எங்க பேரை எழுத முடியுமா?” என்று சிரித்தார்.

அவளைத் தேடி நாங்கள் பள்ளிக்குப் பக்கத்துக் கடற்கரைக்கு ஓடினோம். அவர் காரில் ஏசி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில் வேன் டிரைவர்தான் அவளைக் கூட்டிவந்தார். இடுப்புவரை நனைந்திருந்தாள்.

“அலைக்குள்ள எறங்கி போய்க்கினே இருந்துச்சும்மா. நல்லவேள, பாத்துட்டேன்.”

அவளைக் கட்டிக்கொண்டு முந்தானையால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அதிகாரி காரிலிருந்து இறங்கி வந்தார். முகத்தில் கேலி இல்லை, அக்கறைகூடத் தெரிந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

“கெடச்சுட்டாளா? நல்லது மேடம். வெளிச்சம் இன்னும் இருக்கு. பாப்பாவையும் நிக்க வெச்சு இன்னொரு போட்டோ எடுத்துடலாமா?”