சீனி விழுந்ததும் சிலுவை அடையாளம்

எங்கள் வீட்டுப் பால்கோவாவுக்குக் கடிகாரம் கிடையாது. பால் பொங்கி, சுண்டி, பாதியாகி, சீனி விழுந்ததும் சிலுவை அடையாளம் போட்டு ஜெபமாலை தொடங்க வேண்டும். பத்துப் பத்து மணியாக ஐந்து தேவ இரகசியமும் முடிந்து, மாதா பிரார்த்தனையும் முடிந்து, கடைசி ஆமென் சொல்லும்போது சட்டியை இறக்க வேண்டும். அப்படி இறக்கினால் பதம் தப்பாது. இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் பெரியப்பா மேலே கையைக் காட்டுவார். மேலே ஓட்டுக் கூரையும் ஒட்டடையும்தான் இருக்கும்.

ஒரு நாளைக்கு நாலு சட்டி என்றால் நாலு ஜெபமாலை. எங்கள் பங்குச் சாமியாரே அவ்வளவு சொல்லியிருக்க மாட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிற வீடுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அடுப்புப் பற்றவைக்காத வீடு எனக்குத் தெரிந்து எங்களுடையது ஒன்றுதான். வெளியூர்க் கூட்டம் வருவதே ஞாயிற்றுக்கிழமைதான். பெரியப்பாவோ வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பூசைக்குப் போவார். திரும்பி வந்து ஆட்டுக்கறியும் சோறும் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுவார். “தேடி வார யாவாரத்தைக் காலால எத்துதான்” என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டுமே! நாங்கள் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை. போன மாதம் என் அலுவலகத்துக்கு ஒருவர் வந்து, அவசரமில்லாமல் வாழ்வது எப்படி என்று சொல்லித்தருகிறேன் பேர்வழி என்று எல்லாரையும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார். எங்கள் அடுப்புக் கொட்டகைக்கு வந்திருந்தால் புளிய விறகுப் புகையோடு சேர்த்தே இழுத்திருக்கலாம்.

ஜெபமாலையைக் கடிகாரமாக வைத்துக்கொள்வதில் ஒரே ஒரு சிக்கல்தான். முன்சொல்கிறவரைப் பொறுத்து நேரம் மாறும். எங்கள் வீட்டில் முன்சொல்வது பெரியம்மா. அவள் சொல்கிற வேகத்துக்கு மாதாவுக்கே மூச்சு வாங்கியிருக்கும். ‘அருள் நிறைந்த’ என்று அவள் வாயைத் திறந்ததும் நாங்கள் ‘அர்ச்சிஷ்ட மரியே’ என்று பாய்ந்துவிட வேண்டும். நடுவில் உள்ளதெல்லாம் மாதாவுக்குத் தெரிந்ததுதானே என்பது அவள் கட்சி. அந்த வேகத்துக்குத் தகுந்தபடி தீயும் திகுதிகுவென்று எரியும்.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது சித்தப்பாவுக்குக் கல்யாணமானது. சித்தி தெற்கே ராதாபுரம் பக்கம். ஊரே வேதக்காரர்கள். மணியடித்தால் தெருவே சேர்ந்து செபம் சொல்கிற ஊர். சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார். லீவு முடிந்ததும், குவார்ட்டர்ஸ் கிடைத்த பிறகு வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். புதுப்பெண் எங்கள் வீட்டில் தனியாக நின்றாள்.

தன் தங்கையைச் சித்தப்பாவுக்குக் கட்டிவைக்க நினைத்திருந்தவள் பெரியம்மா. அது நடக்கவில்லை. அந்தக் கோபம் சித்தியின் மேல் இறங்கியது. சோறு குழைந்தால் சித்தி, துணி காயாவிட்டால் சித்தி. “புடிக்கலேன்னா திருநவேலி பஸ்ஸு நம்ம வாசல் வழியாத்தான் போவுது” என்று சித்தியின் காதுபடவே சொன்னாள். இந்தப் பெண் மாசக் கடைசி தாண்டாது என்று பக்கத்து வீடுகளில் பேச்சு. சித்தி என் பக்கத்தில் படுப்பாள். வலிக்காமல் தலை பின்னிவிடத் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் அவள்தான். அவள் போய்விடக் கூடாது என்று நான் தினமும் தனியாக ஒரு ‘அருள் நிறைந்த’ வேண்டிக்கொண்டேன், பெரியம்மாவுக்குத் தெரியாமல்.

சித்தப்பா போய்ப் பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. அப்பாவும் அம்மாவும் ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போய்விட்டார்கள். அடுப்புக்கு விறகு தள்ளுகிற பதவி எனக்கு. அன்றைக்கு ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பால்கோவா போக வேண்டும். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, நாலு மணிக்கு வேன் வரும். காலையில் இரண்டு சட்டி பெரியம்மாவின் வேகத்தில் இறங்கிவிட்டது. மூன்றாவது சட்டியில் சீனி விழுந்ததும் பெரியப்பா சித்தியைக் கூப்பிட்டார்.

“தாயி, வீட்டுக்கு வந்த பொண்ணு முன்சொல்லணும்லா. இந்தச் சட்டிக்கு நீ சொல்லு.”

சித்தி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முழங்காலில் நின்றாள். சிலுவை அடையாளம் போட்டாள். போடுவதற்கே அத்தனை நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு தொடங்கினாள், அவள் ஊர் ராகத்தில். ஒவ்வொரு சொல்லையும் முழுசாகச் சொன்னாள். ‘ஆசீர்வதிக்கப்பட்டவர்’ என்பதில் இத்தனை எழுத்துகள் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு இரகசியத்துக்கும் முன்னால் நின்று, கண்ணை மூடி, தியானம் வேறு. பெரியம்மா என்றால் அந்த இடைவெளியில் ஒரு பத்தை முடித்திருப்பாள்.

எனக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. விறகு தள்ளுவதைக்கூட மறந்து கேட்டேன். ஆனால் மூன்றாவது இரகசியத்தில் பெரியப்பா காலால் ஒரு விறகை அடுப்புக்கு வெளியே தள்ளிவிட்டார். கால் இடறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அதை எடுத்து மறுபடி உள்ளே வைத்தேன். செத்த நேரம் கழித்து இன்னொரு விறகைத் தள்ளினார். அதையும் பொறுப்பாக உள்ளே வைத்து ஊதியும் விட்டேன். பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். கெட்டிக்காரி என்று மெச்சுகிறார் என்று நினைத்து நானும் சிரித்து வைத்தேன்.

நாலாவது இரகசியத்தில் வாடை கிளம்பியது. ஐந்தாவதில் புகை. பெரியப்பா வியர்வை சொட்டச் சொட்டக் கிண்டிக்கொண்டே இருந்தார். சித்தியின் குரல் ஓர் இடத்தில் நடுங்கியது. பிறகு மறுபடி சீரானது. மாதா பிரார்த்தனை முழுக்கச் சொல்லி, ஆமென் என்றதும் சட்டி இறங்கியது. பார்த்தால் பால்கோவா செம்மண் நிறத்தில் இருந்தது. நெய் தனியே, கட்டி தனியே. அடியில் கரி.

பெரியம்மா கொட்டகைக்குள் வந்தாள். சட்டியைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள்.

“ஏட்டி, நீ சொன்னது செபமா, தாலாட்டா? பத்து லிட்டர் பாலு போச்சே! கல்யாண வீட்டுக்கு என்னத்தைக் குடுக்க, இந்தக் கரியையா?”

“அவளை ஏன் வையுத? தீயை நாந்தான் பாக்கல. எம்மேலதான் தப்பு” என்றார் பெரியப்பா.

“ஆமா, ஒங்களுக்குத் தீ தெரியாதாக்கும்! இந்த வீட்டுல இனிமே இவ முன்சொன்னா நான் அடுப்பங்கரைக்கே வர மாட்டேன்.”

சித்தி எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். பெரியப்பா கரிச்சட்டியை ஓரமாகத் தள்ளிவைத்தார். கேனை எடுத்து சைக்கிளில் கட்டிக்கொண்டு, வேறு பால் வாங்க வத்திராயிருப்பு ரோட்டுப் பக்கம் மிதித்தார்.

கொல்லைப்புறம் துவைகல்லில் சித்தி உட்கார்ந்திருந்தாள். கையில் ஜெபமாலை. உதடு படபடவென்று ஓடியது. அழுதுகொண்டே வேகமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. எனக்குத் தெரிந்த வித்தையைச் சொல்லிக் கொடுக்கப் போய் உட்கார்ந்தேன்.

“மூச்சு விடாமச் சொல்லணும் சித்தி. ‘ஆசீர்வதிக்கப்பட்ட’வை முழுசாச் சொல்லாத. ‘ஆசீப்பட்ட’ன்னு சொன்னாப் போதும். பெரியம்மா அப்படித்தான் சொல்லுதா.”

சித்திக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. “சாமி குத்தம் ஆயிராதா பிள்ள?” என்று கேட்டாள். ஆகாது என்று உறுதி கொடுத்தேன். முதல் தடவை திவ்விய நன்மை வாங்குவதற்குக் கோயிலில் ஞான உபதேச வகுப்பு போய்க்கொண்டிருந்தவள் நான், எனக்குத் தெரியாததா? இரண்டு பத்து மணி சொல்வதற்குள் அவள் பெரியம்மாவில் முக்கால்வாசி வேகத்துக்கு வந்துவிட்டாள். நல்ல மாணவி. ஆனால் அந்த ராகம் எங்கேயோ போய்விட்டது.

பெரியப்பா பாலோடு வந்து, அடுப்பேற்றி, பால் சுண்டும்போதே வேனும் வந்துவிட்டது. கல்யாண வீட்டிலிருந்து வந்தவர் நரைத்த மீசைக்காரர். இறங்கும்போதே, “அயிந்தா? ஆச்சா?” என்று தெலுங்கிலும் தமிழிலுமாகக் கேட்டார். ஆகவில்லை என்றதும் மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டினார். பெரியம்மா, சொன்ன சபதத்தையெல்லாம் மறந்து, தன் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு தயாராக வந்து நின்றாள். மானம் காக்க இன்றைக்கு அவளை விட்டால் வேறு வழியில்லை என்று எனக்கே தோன்றியது.

சீனி விழுந்தது. “தாயி, நீ வா” என்றார் பெரியப்பா.

பெரியம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! சித்தி கும்பிட்டாள். “வேண்டாம் அத்தான். அக்காவே சொல்லட்டும். கல்யாண வீட்டுக் காரியம்.”

“செபமும் வீட்டுக் காரியந்தான். வா.”

அவள் முழங்காலில் நின்றாள். தொடங்கினாள், நான் சொல்லிக்கொடுத்த வேகத்தில். நான் பெருமையோடு பதில் சொன்னேன். ஜெபமாலையில் நாலு மணி உருட்டுவதற்குள், சட்டியைக் கிண்டுகிற துடுப்பு நின்றுவிட்டது. கொதிக்கிற சட்டியில் பெரியப்பா துடுப்பை நிறுத்தி நான் பார்த்ததேயில்லை.

“தாயி, ஒன்னைய யாரு வெரட்டுதா?”

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

“காலைல சொன்னேல்லா, அந்த மாதிரிச் சொல்லு.” என் பக்கம் திரும்பினார். “ஏட்டி, நீ மூணு வெறகை வெளிய இழு. தீயைக் கொறச்சா பாலு காத்திருக்கும்.”

மீசைக்காரருக்குப் பொறுக்கவில்லை. “ஏமண்டி, மாப்பிள்ளை வந்துருவாரு” என்றார். “மாப்பிள்ளை வரட்டும்யா. மாதாவும் வரட்டும். நீங்க அந்தச் சாக்குல உக்காருங்க” என்றார் பெரியப்பா. இந்த முறை காலால் தள்ளாமல் வாயாலேயே சொன்னதால் நான் மூன்று விறகையும் ஒழுங்காக இழுத்துப் போட்டேன். சித்தி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாம் இரகசியத்தில் மீசைக்காரர் செருப்பைக் கழற்றினார். பிரார்த்தனைக்கு வரும்போது சுவரில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆமென் சொன்னபோது சட்டியில் பால்கோவா, மணல் மணலாக, சந்தன நிறத்தில், எப்போதும் வருவதுபோலவே வந்திருந்தது. அதிசயமெல்லாம் ஒன்றுமில்லை. தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

வேனில் கூடவே போய்க் கல்யாண வீட்டில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவதாகப் பெரியப்பா கிளம்பினார். அங்கே அதற்கு அவசியமே வரவில்லையாம். மாப்பிள்ளையின் கார் தளவாய்புரத்துக்கிட்டப் பஞ்சராகி நின்றுவிட்டது. இவர் பால்கோவாவை இறக்கிவைத்து, காபியும் குடித்து முடித்த பிறகுதான் மேளச் சத்தமே கேட்டதாம்.

அதற்குப் பிறகு எங்கள் கொட்டகையில் இரண்டு தீ. பெரியம்மா முன்சொன்னால் பெருந்தீ, சித்தி முன்சொன்னால் சிறுதீ. நாலு சட்டி மூன்று சட்டியானது. அதனால் குடி முழுகிவிடவில்லை. பெரியம்மா முணுமுணுத்தாள், பிறகு சித்தியின் சட்டிக்கு அவளும் வந்து முழங்காலில் நின்றாள். காலுக்கு ஓய்வாக இருக்கிறது என்று காரணம் சொன்னாள்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு விடுமுறையில் பெரியப்பாவுக்குக் கை சுளுக்கிக்கொண்டது. முதல் தடவையாகத் துடுப்பு என் கைக்கு வந்தது. லீவுக்குச் சித்தப்பாவோடு வந்திருந்த சித்திதான் முன்சொன்னாள். நடுவில் ஒரு நேரம் துடுப்பு சட்டென்று கனத்தது. பால் சட்டியின் ஓரத்தை விட்டுத் திரண்டு கையோடு வந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் தப்பாது, அப்படி ஒரு கனம். பதம் வந்துவிட்டது என்று கத்தியே விட்டேன். ஜெபமாலைதான் எங்கள் கடிகாரம் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேனே! அந்தக் கனத்தைத் தினம் நாலு தடவை கையில் வாங்கிய பெரியப்பா, சித்தியின் முதல் சட்டிக்கு மட்டும் தெரியாமல் கிண்டியிருப்பாரா? சட்டியை இறக்கியிருந்தால் எல்லார் கண்ணும் சித்தியின் பக்கம் திரும்பியிருக்கும். வந்த வீட்டில் அவள் சொன்ன முதல் செபம் பாதியில் நின்றிருக்கும். அதற்காகத் தெரிந்தே பத்து லிட்டர் பாலைக் கருகவிட்டுவிட்டு, பழியையும் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார் அந்த மனுஷன். அன்று சட்டிக்குப் பக்கத்திலேயே முழங்காலில் நின்ற சித்திக்கு மட்டும் வாடை தெரியாமலா இருந்திருக்கும்? நிறுத்தச் சொல்கிறாரா, நிறுத்தச் சொல்கிறாரா என்று ஒவ்வொரு மணிக்கும் காத்துக்கொண்டே சொல்லியிருப்பாள். அவர் சொல்லவேயில்லை.

எட்டு வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? அன்று வேன் போன பிறகு, விளக்கு வைக்கிற நேரத்தில், அறைக்குள் போனேன். வந்த நாளிலிருந்து சித்தி தன் சேலைகளை வெளியே எடுத்து வைத்ததே கிடையாது. குளித்துவிட்டு வந்து ஒன்றை உருவிக்கொண்டு பெட்டியைப் பூட்டிவிடுவாள். இப்போது அந்தப் பெட்டி திறந்து கிடந்தது. கட்டிலெல்லாம் சேலைகள்.

“ஊருக்குப் போறியா சித்தி?”

“இல்ல பிள்ள. பீரோல ஒரு தட்டு ஒழிச்சுத் தா” என்றாள்.

காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வசவு வாங்கியவள், மற்ற நாளையெல்லாம் விட்டுவிட்டு அன்றைக்குப் போய் ஏன் பெட்டியைக் காலி செய்கிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை. என் பாவாடைகளையெல்லாம் அள்ளிக் கீழே போட்டுவிட்டு, ஒரு தட்டு முழுவதையும் ஒழித்துக் கொடுத்தேன்.