குருமனைக்குப் போகாத பாத்திரங்கள்

சபை போதகரான எனக்குக் கொடுத்திருக்கும் வீட்டின், அதாவது குருமனையின், சமையலறையில் ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகை உண்டு. என் மனைவி இருந்தவரை அதில் எங்கள் பாத்திரம் ஒன்றுகூட இருந்ததாக எனக்கு நினைவில்லை. எல்லாம் ஊரார் பாத்திரம். ஒரு வீட்டிலிருந்து மீன் குழம்பு வரும், ஒரு வீட்டிலிருந்து பாயா வரும், ரம்ஜான் மாதத்தில் பக்கத்துத் தெரு பாய் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வரும். வந்த பாத்திரம் காலியாகத் திரும்பிப் போகக் கூடாது. நான் பிரசங்கத்தில் சொன்னதை அவள் மறந்தாலும் மறப்பாள், இதை மறக்க மாட்டாள். கொல்லை மரத்து முருங்கைக்காய், அது இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரை, ஏதாவது ஒன்று உள்ளே போகும். யாருடைய பாத்திரம் என்று அடியில் வெட்டியிருக்கும் பெயரைக்கூடப் பார்க்க மாட்டாள். நசுங்கின ஒடுக்கைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

போன ஈஸ்டர் முடிந்த வாரத்தில் அவள் இறந்துபோனாள்.

எங்களுடையது ஆம்பூரில் ஒரு சின்ன பிரஸ்பிட்டேரியன் சபை. ஆண்களில் பாதிப் பேருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. பெண்கள் விடியுமுன்னே ஷூ கம்பெனி பஸ் ஏறிவிடுவார்கள். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வதுதான் ஐயருக்கு வேலை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். என் வேலையில் முக்கால்வாசி வேலூர் ஆஸ்பத்திரி வரிசையில்தான் கழிகிறது. ஐயர் கூட வந்தால் டாக்டர் சீக்கிரம் பார்ப்பார் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. சுத்தப் பொய். எனக்கும் எல்லாரையும் போல டோக்கன்தான், எல்லாரையும் போல பெஞ்சுதான். ஆனாலும் கூப்பிட்டால் போவேன். பயத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அதற்குக்கூட நான் லாயக்கில்லை என்றால் வேறு எதற்கு?

வெளியில் இப்படி எந்நேரமும் ஜனத்தோடு இருக்கிறவனுக்கு, சாயங்காலம் குருமனைக் கதவைத் திறந்தால் மூச்சு முட்டும். மனைவி போன முதல் இரண்டு வாரம் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். சோறும் குழம்பும் வைக்க இடமில்லை. அப்புறம் சபையை நடத்தும் மூப்பர்களில் மூத்தவருடைய சம்சாரம் ஒருநாள் வந்து, பலகையிலிருந்த பாத்திரங்களையெல்லாம் ஒரு பெரிய பையில் போட்டுக்கொண்டு, "நான் பிரிச்சிக் குடுத்துடறேன் ஐயரே, நீங்க கவலப்படாதீங்க" என்று எடுத்துப் போனார். அதோடு சரி. பலகை காலியாயிற்று. அதன் பிறகு ஒரு பாத்திரமும் வரவில்லை.

சோறு வராமல் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஹோட்டல் பார்சலுக்குத் தருவார்களே, அந்தப் பிளாஸ்டிக் டப்பாவில் வந்தது. கேட்டின் கொண்டியில் ஒரு கேரி பேக்கில் தொங்கும். யார் மாட்டினார்கள், எப்போது மாட்டினார்கள் என்று தெரியாது. பெண்பிள்ளை இல்லாத வீட்டுக்குள் பெண்கள் நுழைய மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். கேட்டில் நின்று "ஐயரே" என்று ஒரு குரலாவது கொடுக்கக் கூடாதா? நான் என்ன தெருநாயா, சோற்றை வைத்துவிட்டு ஓட? தின்றுவிட்டு டப்பாவைக் குப்பையில் போடுவேன். யாருக்கும் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் அன்று கொண்டியில் நாலைந்து பிரியாணி டப்பாக்கள் ஒன்றாகத் தொங்கின. ஒன்றை மட்டும் பிரித்து நின்றுகொண்டே தின்றேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

பெங்களூரிலிருந்து மகன் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வான். "அங்க தனியா உக்காந்து இன்னா பண்றீங்க டாடி? வந்துடுங்க." கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவனிடம் சரி என்று சொல்லிவிட்டேன். மூத்த மூப்பரிடமும் சொன்னேன், சீக்கிரமே ஓய்வு கேட்கப் போகிறேன் என்று. அவர், "ஜனவரி கடைசியில மூப்பர் கூட்டம் கீது, அதுல சொல்லுங்க ஐயரே" என்றார். போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவர்களுக்கு நான் வேண்டாம் போலிருக்கிறது, டப்பா மாட்டிவிட்டுக் கை கழுவுகிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். புத்தகங்களைக் கட்டுக் கட்டத் தொடங்கினேன்.

அதற்கு நடுவில்தான் ஒரு பெண் வந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு, ஷூ கம்பெனியில் தையல். கணவன் பைக்கிலிருந்து விழுந்து கால் எலும்பு நொறுங்கி, வேலூரில் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள்.

"நான் உங்க சர்ச் இல்ல, கோயிலுக்குப் போறவ. நீங்க கூட வருவீங்களா ஐயரே?" என்றாள்.

"ஆஸ்பத்திரியில யாரும் ஞானஸ்நானச் சீட்டு கேக்க மாட்டாங்க. வாம்மா."

ஆபரேஷன் அன்று பகல் முழுக்க அவளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் வாய் ஓயாது. சூப்பர்வைசரைத் திட்டினாள், மாமியாரைத் திட்டினாள், இடையில் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியில் பாதிச் சோற்றைத் தள்ளி என் முன்னால் வைத்தாள். கேட்கவில்லை, வைத்துவிட்டாள். கூட ஒரு ஆள் உட்கார்ந்து தின்ன, நானும் உட்கார்ந்து தின்று மாதக்கணக்காகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. புளிசாதம். உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. வழித்துத் தின்றேன்.

பொங்கலன்று காலையில் கேட்டை யாரோ தடதடவென்று தட்டினார்கள். அவள்தான். கையில் எவர்சில்வர் தூக்கு.

"ஐயரே! பொங்கல் கொண்டாந்தேன். அவரு ஊன்றுகோல் வெச்சி வாசல் வரைக்கும் நடந்துட்டாரு! சூடாத் துன்னுங்க. தூக்கு நாளைக்கே வேணும், எங்கூட்ல இது ஒண்ணுதான் கீது."

சொல்லிவிட்டு வராண்டாவிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அந்தத் தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து பலகையில் வைத்தேன். வெறும் பலகையில் அது ஒன்று இருந்ததே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

பொங்கலைத் தின்று தூக்கைக் கழுவின பிறகுதான் சங்கடம் வந்தது. இதில் என்னத்தைப் போட்டுத் திருப்புவது? முருங்கை அப்போதுதான் பூவிட்டிருந்தது. சர்க்கரை டப்பாவில் எறும்பு. கடையில் ஏதாவது வாங்கிப் போட்டிருக்கலாம், பிடிவாதம் விடவில்லை. மறுநாள் காலை ரவையும் சர்க்கரையும் வாங்கி வந்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கேசரி கிண்டினேன். கேசரி என்று நான் சொன்னால்தான் தெரியும். கட்டி கட்டியாக, அடியில் பிடித்து, ஒரு நிறமும் இல்லாமல் வந்தது. இருந்தாலும் தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தெருமுனையில் மூத்த மூப்பருடைய சம்சாரம் மார்க்கெட் பையோடு எதிரே வந்தார்.

"கையில இன்னா தூக்கு ஐயரே?"

"ஒரு வீட்ல பொங்கல் குடுத்தாங்க. திருப்பிக் குடுக்கப் போறேன்."

"அய்யய்யோ! யாரு அந்த வெவரம் கெட்டவ? உங்களுக்கு எதுக்கு இந்த பேஜாரு? நாங்க பொம்பளைங்க எல்லாம் உக்காந்து பேசி முடிவு பண்ணோமே, ஐயரு வீட்டுக்கு இனிமே யாரும் பாத்திரம் குடுத்தனுப்பக் கூடாது, டப்பாலதான் குடுக்கணும்னு!"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. எங்கள் பிரஸ்பிட்டேரியன் சபையில் போதகர் ஒன்றும் ராஜா இல்லை. விளக்குமாறு வாங்குவதென்றாலும் மூப்பர்கள் கூடிப் பேசி, ஒருமனதாகத் தீர்மானம் போட்டுத்தான் வாங்குவார்கள். அந்தப் பழக்கம் வீட்டுப் பெண்களுக்கும் தொற்றியிருக்கிறது. கூடிப் பேசியிருக்கிறார்கள். பாத்திரம் போனால் ஐயர் அதைக் காலியாகத் திருப்ப வெட்கப்படுவார், போட்டுத் தர வீட்டில் ஆள் இல்லையே என்று வருத்தப்படுவார், ஆகவே பாத்திரமே வேண்டாம். ஒருமனதாக! எவளாவது ஒருத்தி மாற்றிப் பேசியிருக்கக் கூடாதா? தூக்குக்காரிக்கு இந்தத் தீர்மானம் தெரியாது. அவள் எங்கள் சபை இல்லையே.

நடுத்தெருவில் கத்திவிட்டேன்.

"யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க? என்னைக் கேட்டீங்களா? நீங்கல்லாம் என்னைத் தள்ளி வெச்சிட்டீங்கன்னு நெனச்சி, நான் புஸ்தகத்தைக் கட்டி வெச்சிட்டுக் குந்திக்கினு கீறேன்!"

அந்த அம்மாள் மார்க்கெட் பையைக் கீழே வைத்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "பாத்திரத்தப் பாத்தா ஐயரம்மா ஞாபகம் வந்து உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் ஐயரே..." என்றார். ஞாபகம் வரட்டுமே, வராமல் இருப்பதுதான் கஷ்டம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தூக்கின் மூடியைத் திறந்து பார்த்தார். "கேசரி அடிபுடிச்சிருக்கு" என்றார்.

தூக்குக்காரியின் கணவன் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு வாய் தின்றான். "உப்புமாவுக்கு எதுக்கு சக்கரை போட்டீங்க ஐயரே?" என்றான். வீடே சிரித்தது, நானும் சிரித்தேன்.

பெண்கள் மறுபடியும் கூடிப் பேசியிருக்க வேண்டும். அந்த வாரமே கேட்டில் குரல்கள் கேட்டன. "ஐயரே, பாத்திரம் நிதானமாக் குடுங்க." "ஐயரே, மூடி பத்திரம்." பலகையில் மறுபடியும் ஊரார் பாத்திரங்கள் சேர்ந்தன. எனக்கு ஒடுக்கு தெரியாது. ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடியில் இருக்கும் பெயரைப் படித்துத்தான் திருப்பிக் கொடுக்கிறேன். அதிகமும் சர்க்கரைதான் போடுகிறேன். மூப்பர் கூட்டத்தில் ஓய்வைப் பற்றிப் பேசவில்லை. மூத்த மூப்பரும் கேட்கவில்லை, எனக்கு இன்னொரு டம்ளர் டீ மட்டும் ஊற்றச் சொன்னார். மகனிடம், இப்போதைக்கு வரவில்லை, ஊரார் பாத்திரம் நிறைய இருக்கிறது என்றேன். அவனுக்கு விளங்கியிருக்காது.

கடைசியாக வந்தது மூத்த மூப்பருடைய சம்சாரம். கத்திரிக்காய்க் கொத்சு, இன்னும் சூடு ஆறவில்லை. பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"இது எங்களுது இல்ல ஐயரே. ஈஸ்டருக்கு முன்னாடி ஐயரம்மா முருங்கைக்கீரைப் பொரியல் குடுத்தனுப்பினாங்க. காலியாக் குடுக்க மனசு வரல. அப்புறம் குடுக்கவே கூடாதுன்னு நாங்களே பேசிட்டோம்."

அவர் போன பிறகு, கொத்சைத் தட்டில் கொட்டிக்கொண்டு பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். என் மனைவியின் பெயர். சாப்பிட்டேன். கழுவித் துடைத்துப் பலகையில் வைத்தேன். மற்ற பாத்திரங்கள் வருகின்றன, போகின்றன. இதை மட்டும் எந்த வீட்டுக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.