பேர் எழுதாத பொட்டலம்

சூடேறிய ஏலக்காயின் வாசம் ஏதோ ஒரு டீக்கடையிலிருந்து வந்தாலும் போதும், நடையை எட்டிப் போடுகிறேன். ஐம்பதை நெருங்குகிறேன். ஒரு வாசத்துக்குப் பயந்து ஓடுகிறேன்.

வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஏலக்காய்த் தோட்டம். அப்பா போன பிறகு என் கைக்கு வந்தது. காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு எரிய, வலைத்தட்டுகளில் காய் காயும். நான் ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்குவேன். உள்ளே விதை கலகலத்தால் "இறக்கு" என்பேன். முந்தி இறக்கினால் பூஞ்சை, பிந்தினால் பச்சை வெளுக்கும். அந்த ஒரு சொல்தான் என் வேலை, என் கர்வம்.

விற்பனைக்குப் போகும் சாம்பிள் பொட்டலத்தில் பேர் கிடையாது, எண் மட்டும்; யார் காய் என்று தெரியாமலே விலை கேட்பார்கள். நல்ல விலை விழுந்தால் "அப்பன் கைராசி" என்பார்கள். "பொட்டலத்துக்கு என் அப்பன் யாருன்னு தெரியுமா?" என்று திருப்பிக் கேட்பேன். அந்தக் கேள்வியைத் தலைக்கு வைத்துப் பல வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன அடைமழையில் ஒரு மத்தியானம், "இறக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவன், மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பினேன். ஸ்டோர்க்காரன் இறக்கவில்லை. அடுப்புக்குள் விறகு தள்ளிக்கொண்டிருந்தான். என் வயசுக்காரன். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு, அவன்தான் முதல் மார்க். பத்தாவது முடிந்ததும் நான் கொடைக்கானல் ஹாஸ்டலுக்குப் போனேன். அவன் இந்த அடுப்புக்கு வந்தான்.

"இறக்கச் சொன்னேனே?"

"இன்னும் ரெண்டு மணி நேரம் வேணும் முதலாளி."

"எத்தனை நாளா இப்படி?"

"நீங்க வந்ததுல இருந்தே." முகத்தில் பயமுமில்லை, கேலியுமில்லை. "உங்கப்பாவும் அவசரப்பட்டுத்தான் சொல்லுவாரு. அப்ப இந்த அடுப்புல இருந்த எங்கப்பா தலையாட்டிட்டு, ஜீப்பு வளைவு தாண்டுற வரைக்கும் சும்மா நின்னுட்டு, அப்புறம் விறகு தள்ளுவாரு."

எனக்கு வந்தது தோட்டம் மட்டுமல்ல. என் தப்பைத் திருத்த ஓர் ஆளும் சேர்ந்தே வந்திருக்கிறான். அன்றிலிருந்து பயம். யாராவது பாராட்டினால் பயம். பெங்களூரில் படிக்கும் மகனிடம் "தகுதிதான்டா சோறு போடும்" என்று சொல்லப்போய், பாதியில் ஃபீஸ் பற்றிப் பேச்சை மாற்றிவிடுகிறேன். காயைக் காதருகே கொண்டுபோனால் என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்கிறது.

இந்த மழைக்கு முன்னால் அவன் மகளுக்குத் தேனியில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னான். பஸ்ஸுக்கு நானே ஜீப்பில் கொண்டுபோய் விட்டேன்.

"ஒரே ஒரு சீசன் இருந்துட்டுப் போயேன்."

"எம் மக லீவு தரமாட்டா முதலாளி," என்று சிரித்தான்.

பஸ் வந்துவிட்டது. பையை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். 

"நான் தப்பா இறக்கிட்டா?"

படியில் நின்றபடி குனிந்து சொன்னான்: "பூஞ்ச பிடிக்கும். ஒரு வருசம் வெல போகாது. அதுக்காக உங்கள யாரு வேலய விட்டுத் தூக்கப்போறா?"