பாரம்பரியக் கிளைக்கு நான் எழுதிய பலகை

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். சென்னையிலிருந்த ஒரு மகளிர் பாரம்பரியச் சங்கத்தின் கிளையைச் சிவகாசியில் தொடங்க வேண்டும் என்று தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி ஒருவரின் மனைவி கிளம்பினார். பாரம்பரியத்தின் மேல் பிரியம் என்று சொல்ல மாட்டேன். விருதுநகரில் அவருடைய நாத்தனார் அதற்குள் ஒரு கிளைக்குத் தலைவியாகியிருந்தார். அவ்வளவுதான். நான் அவர் பிள்ளைகளுக்குத் தமிழ் டீச்சர். இங்கே அவரே தலைவி; பிழையில்லாமல் எழுதுவேன் என்று என்னைச் செயலாளராக்கினார்கள்.

முதல் மூன்று கூட்டங்களும் என்ன நிறச் சேலை கட்டுவது என்பதிலேயே போயின. உறுப்பினராவதற்குக் குடும்ப வரலாறு எழுதித் தர வேண்டும். எல்லாருடைய தாத்தாவுக்கும் குதிரை வண்டி இருந்தது. தலைச்சுமையாகச் சரக்கு விற்ற தாத்தா ஒருவர்கூட இல்லை. அந்தப் பொய்களுக்கு ஒற்றுப்பிழை திருத்தியது நான்தான்.

தொடக்க விழாவுக்குக் கல்யாண மண்டபத்தில் கண்காட்சி. உரலும் பித்தளை அண்டாவும் போதாதென்று, கையால் தீப்பெட்டி ஒட்டிக் காட்ட ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஒரு பெண்ணைக் கம்பெனி வேனில் வரவழைத்தார் தலைவி. அந்தப் பெண் உட்கார்ந்த இடத்துக்கு மேலே ‘அக்காலத் தொழில்’ என்று என் கையெழுத்தில் ஒரு பலகை. அவருக்கு வாசிக்கத் தெரியும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

“டீச்சர், இத யாரு எழுதுனது?”

“நான்தான்.”

“அக்காலம்னு போட்டிருக்கீகளே! இன்னைக்குக் காலையில வேன் வர்ற வரைக்கும் இதத்தான ஒட்டிக்கிட்டு இருந்தேன். இவுக கம்பெனிக்குத்தான்.”

தலைவி திரும்பினார். “ஏம்மா, பெரிய ஆளுக வர்ற எடம். பேசாம ஒட்டு.”

“சரிங்க. இது அக்காலம்னா இனிமே எங்களுக்கு வேற வேலை தருவீகளா, முதலாளியம்மா?”

கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். சென்னையிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் குனிந்து பார்த்து, “என்ன வேகம்! இந்தக் கலையை அழியவிடக் கூடாது” என்றார். கை தட்டினார்கள். பலகையை நான் கழற்றியிருக்கலாம். கை எட்டும் உயரம்தான். விருந்தினருக்குக் காபி எடுத்துவரப் போனேன்.

கூட்டக் குறிப்பில் அந்தப் பெண் கேட்ட கேள்வியை எழுதி வைத்தேன். “இது எதுக்கு டீச்சர்?” என்றார் தலைவி. அந்த வரியை ஸ்கேல் வைத்து நேராக அடித்தேன்.

அடுத்த வருஷம் தலைவிக்கு வேறொரு சங்கத்தில் பதவி கிடைத்தது. கிளை கேட்பாரற்றுப் போனது. பிறகு ஒருநாள் இருக்கன்குடி கோவில் வரிசையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். “நல்லா இருக்கீகளா டீச்சர்?” என்று அவரே கேட்டார். இன்னும் அதே வேலையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு முன்னால் நகர்ந்தேன்.