அம்மா கடிகாரத்தின் பேட்டரி

சித்தப்பா மேல் எனக்கு வந்த கோபம் இத்தனை வருடங்கள் கழிந்தும் முழுசாக ஆறவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். யாருக்கும் கெடுதல் நினைக்காமலே கெடுதலைச் செய்துவிட்டு, "அதான் சாரி சொல்லிட்டேன்ல லா" என்று இளிக்கிற ரகம். அந்த ரகத்தைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மலேசியாவில், உலு திராமில், ஒரு தாமான் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் கல்யாணமாகாத தம்பியான இந்தச் சித்தப்பா. அப்பா கடைகளுக்குச் சாமான் போடும் லாரி ஓட்டினார். சித்தப்பா ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் சாமான் அடுக்கினார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பாடகர். பாடகர் என்று சொன்னது அவர் ஒருவர்தான். கராவோக்கே பெட்டியை டிவியோடு இணைத்து, கம்பியில்லாத மைக்கைப் பிடித்து, கூடத்தின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஜன்னலைச் சாத்துவது எங்களுக்குக் கேட்கும், அவருக்குக் கேட்காது.

அம்மாவுக்கு எலெக்ட்ரானிக் பேக்டரியில் வேலை. விடிவதற்கு முன்பே பேக்டரி பஸ் எங்கள் சந்துமுனைக்கு வந்து ஹார்ன் அடிக்கும். அதற்குள் அம்மா சோறு வடித்து, குழம்பு வைத்து, எங்கள் மூவருக்கும் மூடிவைத்து, குளித்து, நீலச் சீருடையை மாட்டியிருக்க வேண்டும். அவருடைய தலைமாட்டில் ஒரு சின்ன அலாரம் கடிகாரம் இருந்தது, ஒரே ஒரு பேட்டரி போடுவது. அதுதான் அம்மாவை எழுப்புகிறது என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம்.

மைக் வாரத்துக்கு இரண்டு பேட்டரியைத் தின்று தீர்த்தது. அதனால் சித்தப்பா ஒருநாள் சார்ஜர் ஒன்றை வாங்கிவந்தார். வெள்ளை நிறம், சுவரில் நேராகச் செருகுவது, நான்கு பேட்டரி படுக்க நான்கு குழி. கூடவே நான்கு பேட்டரிகள். இனிமேல் இந்த வீட்டில் பேட்டரி வாங்குகிற பேச்சே இல்லை என்று அறிவித்துவிட்டு, வீட்டிலிருந்த பழைய பேட்டரிகளை எல்லாம் ஒரு பையில் போட்டு வீசினார். அம்மா கடிகாரத்தில் இருந்ததையும் கழற்றி வீசினார். அது புதுசு, போன வாரம்தான் வாங்கியது. யார் கேட்பது?

அந்தச் சார்ஜருக்கு ஒரு குணம் இருந்தது. பேட்டரியை ஜோடி ஜோடியாகத்தான் சார்ஜ் பண்ணும். ஒற்றையாகப் போட்டால் சிவப்பு விளக்கு எரியாது. நான்கில் இரண்டு மைக்குக்கு, ஒன்று அம்மா கடிகாரத்துக்கு, மீதி ஒன்று துணைக்கு என்று முதலில் சரியாகத்தான் போனது. பிறகு சித்தப்பா ஒன்றைக் கீழே போட்டு, அது எந்த மூலைக்கு உருண்டதோ, தொலைந்தது. அன்றிலிருந்து அம்மாவின் பேட்டரிக்குத் துணை இல்லை. அது சார்ஜ் ஆக வேண்டுமென்றால் மைக்கிலிருந்து ஒன்றைக் கழற்ற வேண்டும். மைக்கில் கைவைக்க விடுவாரா? "நாளைக்கு அண்ணி, நாளைக்கு" என்பார்.

இதே சமயத்தில் பேக்டரியில் அம்மாவின் லைனுக்கு லீடராக இருந்தவர் வேலையை விட்டுப் போகவிருந்தார். அம்மா அதுவரை ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை, காய்ச்சல் என்று டாக்டரிடம் எம்.சி. சீட்டு வாங்கியதில்லை. மாதக் கடைசிவரை இப்படியே வந்தால் நீதான் லீடர் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அப்பா கோப்பிக் கடையில் இதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. நான் பள்ளியில் என் பங்குக்குச் சொன்னேன். லீடர் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டும், ஆள் குறைந்தால் இரவிலும் நிற்க வேண்டும் என்று அம்மா ஒருமுறை சொன்னார். "அதெல்லாம் பழகிரும்" என்று அப்பா முடித்துவிட்டார். லீடராக அம்மாவுக்கு இஷ்டமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாதக் கடைசிக்குச் சில நாள்களே இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கோயில் மண்டபத்தில் நடக்கவிருந்த பாட்டுப் போட்டிக்காகச் சித்தப்பா தொண்டை கிழியப் பழகிக்கொண்டிருந்தார். பாதியில் மைக் செத்தது. மைக்கைத் தட்டினார், உதறினார். பிறகு அறைக்குள் போய் அம்மா கடிகாரத்தைத் திறந்து அதிலிருந்த பேட்டரியை எடுத்துக்கொண்டு, மைக்கிலிருந்த செத்த பேட்டரியை அதற்குள் போட்டார். நான் நேரில் பார்த்தேன்.

"சித்தப்பா, அது அம்மாவோடது!"

"அலமாக், கத்தாத பாப்பா. முள்ளு ஓடுது பாரு. கடிகாரத்துக்கு இவ்வளவு போதும் லா."

முள் ஓடத்தான் செய்தது. மைக்கை இழுக்க முடியாத பேட்டரி, கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் இழுக்கும். படுக்கப் போகும்போது நான் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மா துணி மடித்துக்கொண்டே கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார்.

"சரி. நீ படு."

விடியற்காலையில் ஹார்ன் சத்தத்தில் நான் விழித்தேன். பக்கத்தில் அம்மா படுத்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தேன், முள் இரண்டரையில் நின்றிருந்தது. "அம்மா, பஸ்சு!" என்று உலுக்கத் திரும்பினால், அவர் கண் திறந்துதான் இருந்தது. மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஹார்ன் அடித்தது. அம்மா என்னை இழுத்துப் போர்வைக்குள் அணைத்துக்கொண்டார். "போகட்டும்" என்றார். பஸ் போய்விட்டது. அதிர்ச்சியில் அவருக்குக் கைகால் ஓடவில்லை என்று நான் நினைத்தேன்.

காலையில் வீடு ரணகளமானது. அப்பா தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "மனுஷியா நீ? ஹார்ன் அடிச்சது காதுல விழல?"

"விழலைங்க" என்றார் அம்மா. "அலாரம் அடிக்கல."

அம்மா பொய் சொல்கிறார்! யாருக்காக? இந்தத் திருட்டுச் சித்தப்பாவைக் காப்பாற்றத்தானே? அவரோ கூடத்தில் உட்கார்ந்து ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டு, "நான் சும்மாவா விட்டேன், வேற ஒன்னு போட்டேன்ல. சாரி லா அண்ணி" என்று இளித்தார். அந்த இளிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. பேட்டரித் திருடர், பாட்டுத் தெரியாதவர், வெட்கம் கெட்டவர் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கி, வாசலுக்கு ஓடி, வீட்டு முன்னால் போகும் லோங்கான் சாக்கடையில் வீசினேன். அப்பா என் முதுகில் ஒன்று வைத்தார். நான் அழவில்லை. நியாயத்துக்காக வாங்கிய அடி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

ஆண்கள் இருவரும் வேலைக்குப் போனபின் அம்மா மறுபடி படுத்து நெடுநேரம் தூங்கினார். எழுந்து தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தார். கோப்பி கலக்கி ஆறும் முன்பே குடித்தார். அது பள்ளி விடுமுறைக் காலம். நான் அவர் காலடியிலேயே கிடந்து, பாவம் அம்மா, துக்கத்தில் பேச்சே வரவில்லை என்று உருகினேன். மத்தியானம் அவர் லோங்கானில் இறங்கிச் சார்ஜரை எடுத்தார். துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, மாலையில் மைக் பேட்டரி இரண்டையும் போட்டுச் சுவரில் செருகினார். விளக்கு எரிந்தது. அம்மா முகத்தில் சிரிப்பு வந்தது. என்ன ஏமாளி இவர் என்று எனக்கு அம்மா மேலேயே கோபம் வந்தது.

லீடர் வேலை வேறொருவருக்குப் போனது. அப்பா சில நாள் அம்மாவோடு பேசவில்லை. சித்தப்பா போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறினார், அதில் எனக்குப் பரம திருப்தி.

சில வாரங்கள் போயின. மழைக்காலம். பேக்டரியில் வேலை அதிகம். அம்மா இருட்டில் போய் இருட்டில் வந்துகொண்டிருந்தார். ஒரு மாலை சித்தப்பா மீண்டும் மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து, அறைக்குள் போய், கடிகாரத்தைத் தானே திறந்தார்.

"மைக்குக்கு ஒன்னு கொறையுதா தம்பி? இத எடுத்துக்குங்க. அதுல உள்ளத இங்க குடுங்க."

"அம்மா! உங்களுக்கு ரோஷமே இல்லையா?" என்று நான் வெடித்தேன். அம்மா என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

இந்த முறை நான் விடுவதாக இல்லை. இவர்களை நம்பி என் அம்மாவை விட்டுவைத்தால் வேலையையே தொலைத்துவிடுவார்கள். அப்பா தூங்கியதும் அவருடைய கைப்பேசியை எடுத்து, அலாரம் வைத்து, தலையணைக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன். விடியற்காலையில் அது அலறியபோது துள்ளி எழுந்து விளக்கைப் போட்டேன். அம்மா கண்ணைத் திறந்து கிடந்தார்.

"அம்மா, எழுந்திரிங்க! பஸ்சு வரல இன்னும். நான் இருக்கேன்ல!"

அம்மா உடனே எழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தாரோ, கையை நீட்டி என் கன்னத்தைத் தடவினார். "என் தங்கம்" என்றார். பிறகு எழுந்து, சோற்றை அடுப்பில் ஏற்றி, குளித்து, நீலச் சீருடையை மாட்டிக்கொண்டு போனார். கூடத்தில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பாவை நான் வெற்றியோடு முறைத்தேன். சந்துமுனையில் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. அம்மாவைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில், அவர் படுத்திருந்த இடத்தின் சூட்டில் சுருண்டு, வெயில் ஏறும்வரை தூங்கினேன்.