கரடிக் கதையும் நெஞ்செரிச்சலும்

எங்கள் அப்பாவுக்கு நெஞ்செரிச்சல் சொந்தக்காரரைப் போல. அது வருவதும் போவதும் வீட்டில் எல்லோருக்கும் அத்துப்படி. பச்சைப்புளியும் மிளகாயும் சேர்த்து இடித்த துவையலைக் களியோடு ஒரு பிடி பிடித்துவிட்டுப் படுப்பார். கொஞ்ச நேரத்தில் புளித்த ஏப்பத்தோடு எழுந்து உட்கார்ந்து, தொண்டை வரைக்கும் எரிகிறது என்பார். அம்மா திட்டிக்கொண்டே சீரகத் தண்ணீர் கொடுப்பாள். சாமை மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். மறுநாளும் அதே துவையல்தான் வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். சாமை விதைக்கும் எங்கள் கொல்லை நிலம், வீட்டுக்குக் கீழே செங்குத்தான ஒரு மேட்டின் அடியில் இருந்தது. பள்ளி விட்டதும் அங்கே ஓடுவேன். சாயங்காலம் அப்பாவோடு மேடேறி வீடு திரும்புவேன். தலையில் மூட்டையோடு விறுவிறுவென்று ஏறுகிற மனிதர், அந்த வருஷம் புளி உலுக்கும் சமயத்தில் வெறுங்கையோடு வந்தாலும் பாதி மேட்டில் ஒரு பாறையில் உட்கார ஆரம்பித்தார். உட்கார்ந்ததும் எனக்குக் கதை சொல்லுவார். தேன் தேடி வந்த கரடி எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்ட கதை. கரடி வாத்தியார் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பேர் கூப்பிடத் தொடங்கும்; அதற்குள் அப்பா எழுந்துவிடுவார். மீதி நாளைக்கு.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் அம்மாவிடம் புகார் சொன்னேன். "அப்பா கதைய முடிக்கவே மாட்டேன்றாரு."

"அவுருக்கு ஏதுடி கத சொல்ல நேரம்?"

"பாறைல உக்காந்துகினு தெனமும் சொல்றாரே."

களி கிண்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "ஏறும்போதா, எறங்கும்போதா?"

"ஏறும்போதுதான். வேர்த்துக் கொட்டும். நெஞ்சத் தடவிக்கினே சொல்லுவாரு."

அப்பா வந்ததும் அம்மா நேராகக் கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார். "எல்லாம் புளி பண்ற வேலைதான். சீரகத் தண்ணி குடு, சரியாப் போவும்."

அம்மா கொடுக்கவில்லை. "துன்னுட்டுப் படுத்தா வர்றது எனக்குத் தெரியாதா? காலைல குடிச்ச கூழத் தவிர வவுத்துல ஒண்ணும் இல்ல. மேடு ஏறினா இன்னாத்துக்கு வருது? உக்காந்தா இன்னாத்துக்குப் போவுது?"

அப்பா இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "எரியல. மார் மேல மூட்டைய வெச்சாப்ல இறுக்குது."

அம்மா பயந்து நான் பார்த்தது அன்றுதான். அப்போதே சித்தப்பாவைக் கூப்பிட்டாள். அவர் அப்பாவைச் சைக்கிளில் உட்காரவைத்து, பஸ் நிற்கும் இடம் வரை தள்ளிக்கொண்டே போனார். கடைசி பஸ் எப்படியோ கிடைத்தது. ஆலங்காயத்து டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, நிற்கவிடாமல் வேலூருக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர் சொன்னதை அம்மா பிற்காலத்தில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எரிச்சலா, இருதயமான்னு வீட்ல உக்காந்து ஆராய்ச்சி பண்ணாதீங்க. சந்தேகம்னாலே கூட்டிட்டு வந்துடுங்க. நீங்க நல்லவேளையா நேரத்தோட வந்துட்டீங்க."

அப்பா பிழைத்தார். மாத்திரை டப்பாவோடு ஊர் திரும்பி, முதலில் வாசல் வரை, பிறகு தெருக்கோடி வரை என்று நடந்து பழகினார். துவையல் நின்று போனது. அதற்கு மட்டும் கடைசி வரை முணுமுணுத்தார்.

மழைக்காலம் முடிந்து ஒரு சாயங்காலம் மூவரும் மேடேறினோம். அப்பா மெதுவாக முன்னால் போனார். அம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தாள். பாறை வந்தது. நான் ஓடிப் போய் அதில் உட்கார்ந்து, அவருக்கும் இடம் விட்டேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு, நிற்காமல் ஏறிப் போய்விட்டார். மேலே போனதும் அம்மா சிரித்தாள், முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கரடி இன்னும் வாத்தியார் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறதே என்பதுதான் என் கவலை. இந்த மாத்திரை வந்த பிறகுதான் அப்பா கதை சொல்வதை விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்த டப்பாவை முறைத்துப் பார்த்துக்கொண்டு, களி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.