வெள்ளிப் பெயின்டுக்கு அடியில் ஒரு நம்பர்

என் வீட்டுக்காரரை லாக்கப்பில் வைத்தபோது எனக்கு வயிற்றில் ஏழு மாசம். செகிஞ்சானில் யாரோ வயல்காரருடைய சிவப்பு மோட்டார்சைக்கிள் களவு போயிருந்தது. எங்களுடையதும் சிவப்பு. முன்னாடி நம்பர் பிளேட் எப்பவோ உடைந்துபோச்சு. பின்னாடி இருந்ததும் முந்தின வாரம் எஸ்டேட் செம்மண் ரோட்டில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. "மாட்டிக்கலாம், மாட்டிக்கலாம்" என்றே இழுத்தடித்தார் இந்த மனுஷன். பத்தாங் பெர்ஜுந்தாய்க்குச் சாமான் வாங்கப் போனவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டது.

வண்டி எங்களுடையது என்று காட்டும் கிராண்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். கார்ப்பரல் மலாய்க்காரர்; எஸ்டேட் தமிழ் கொஞ்சம் வரும். அதை வாங்கிப் பார்த்தார்.

"பிளேட்ட எந்தக் கடையிலயும் அடிச்சுக்கலாம், தங்காச்சி. வண்டி உடம்புல குத்தின நம்பர்தான் மாறாது. அதக் காட்டு."

ஹேண்டலுக்குக் கீழே, கழுத்தில் இருக்குமாம். குனிந்து பார்த்தால் நம்பரைக் காணோம். வழவழவென்று வெள்ளிப் பெயின்ட். கார்ப்பரல் முகம் மாறிப்போனது. "நம்பர மறைக்கிறவன் யாரு? திருடன்தான்" என்றார்.

ஐயோ, திருட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வண்டியைக் கழுவி, எஸ்டேட் ஆலையில் மிஞ்சிய வெள்ளிப் பெயின்டைக் கெஞ்சி வாங்கிவந்து கழுத்தில் பூசுவார். பளிச்சென்று இருந்தால்தான் சந்தனப் பொட்டு எடுப்பாகத் தெரியுமாம். "செம்பாயாங், துவான், செம்பாயாங்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சாமி கும்பிட்ட கதையைச் சொன்னேன். பாவம், வண்டிக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுவது அவருக்கு என்ன புரியும்?

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வருவதற்குள் நம்பரைக் காட்டினால் விட்டுவிடலாம், இல்லையென்றால் கேஸ் என்றார். "கத்தி வைக்காதே. கீறல் விழுந்தா நீங்களே நம்பர மாத்தினதா ஆயிடும்."

கேஸ் என்றால் எஸ்டேட்டில் வீட்டுக்காரர் பேரை வெட்டிவிடுவார்கள் என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் காலையிலேயே சொல்லியிருந்தார். பேர் போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போச்சு. இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்?

தின்னர் வாங்கிவந்து, முந்தானையைக் கிழித்து, ஸ்டேஷனுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து தேய்த்தேன். அந்த நாற்றத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வெள்ளி கரைந்தால் அதற்கடியிலும் வெள்ளி. "பாவி மனுஷா, சாமிக்கு ஒரு பூச்சு போதாதா?" என்று அழுதுகொண்டே திட்டினேன்.

பாதியில் கை நின்றுவிட்டது. வண்டியைப் பாகான் நக்கோடா ஓமார் ஊரில் ஒருவரிடம் பழசாகத்தான் வாங்கியிருந்தார் இந்த மனுஷன். அந்த ஆளே களவு வண்டிக்கு வேறொரு வண்டியின் கிராண்டைக் கொடுத்து விற்றிருந்தால்? தேய்க்கத் தேய்க்க வருவது எங்கள் நம்பராக இல்லாமல் போனால்? விட்டுவிட்டாலும் கேஸ்தானே என்று மறுபடி தேய்த்தேன்.

ஓர் எழுத்து தெரிந்தது. அப்புறம் ஒரு எண். கார்ப்பரல் பக்கத்தில் வந்து குந்தி, கிராண்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசி எண்ணில் பெயின்ட் அப்பிக்கிடந்தது. என்னிடமிருந்து துணியை வாங்கி அவரே துடைத்தார்.

"சாமா லா, தங்காச்சி. ரெண்டும் ஒண்ணுதான்."

அங்கேயே ஓவென்று அழுதுவிட்டேன்.

வீட்டுக்காரர் வெளியே வந்தார். என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, நேராக வண்டியிடம் போனார். கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"சாமி பொட்ட அழிச்சிட்டியா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"ஆமாங்க, அழிச்சேன். அத அழிச்சதாலதான் நான் இன்னிக்கிப் பூவும் பொட்டுமா நிக்கிறேன். பிளேட் இல்லாம ஓட்ட முடியாது, தள்ளுங்க வண்டிய."

எஸ்டேட் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார்.